புள்ளியம்மா லினக்ஸுக்கு மாறினாள்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவள். எங்காவது ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அவளுக்கு மூக்கு அரித்துவிடும் என்று பதிப்பாசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கடைசி எட்டு வருடமாக வேலை வீட்டிலிருந்துதான். படுக்கையறையை ஒட்டிய பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மடிக்கணினி என்று அவளுக்கென்று ஓர் இடம். அந்தக் கணினியில் 'ல' விசையின் மேலிருந்த எழுத்து தேய்ந்து மறைந்துவிட்டது. அவளுக்கு அது தேவையும் இல்லை.

ஒரு நாள் காலை கணினியைத் திறந்ததும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு. இந்தக் கருவி எங்களுடைய புதிய பதிப்புக்குத் தகுதியானதல்ல, அடுத்த மாதத்திலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது, புதிய கருவி வாங்குவது பற்றி யோசியுங்கள். "தகுதியானதல்ல" என்ற சொல் அவளைச் சுட்டது. தன்னைச் சொன்னதுபோல் எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். அறிவிப்பை நின்றபடியே படித்துவிட்டு, "நேத்து வரைக்கும் ஓடுச்சுல்ல?" என்றார்.

"ஓடுச்சு."

"இன்னைக்கும் ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? மோட்டார் நல்லா இருக்கு, கயிறு நல்லா இருக்கு. போர்டை மட்டும் மாத்தினா முப்பது வருஷ லிப்ட்கூட ஓடும். குட்டிகிட்ட கேளு."

குட்டி என்றால் அவருடைய தங்கை. நாற்பத்தாறு வயது. ஒரு பெரிய மருத்துவமனையில் சர்வர்களைப் பராமரிக்கும் பிரிவுக்கே பொறுப்பாளர். இருந்தாலும் அண்ணனுக்குக் குட்டிதான்.

புள்ளியம்மா கணினியை மூடிவைத்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த ஒரு நாள், புதிதாக வாங்கிய கைபேசியை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த நாத்தனாரிடம் கேட்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "அண்ணிக்குச் சொல்றதுக்குப் பதிலா சுவத்துக்கிட்ட சொல்லலாம்" என்று சொல்லி நாத்தனார் சிரித்தாள். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, தன்னைவிட ஏழு வயது சின்னவளான அவளை, புள்ளியம்மா 'வாங்க, போங்க' என்றுதான் பேசினாள். மரியாதை கூடக்கூட தூரமும் கூடியது.

அந்த மாதமே நாத்தனாருக்கு இந்த ஊரில் நான்கு நாள் பயிற்சி வகுப்பு வந்தது. அண்ணன் வீட்டில்தான் தங்கினாள். இரண்டாம் நாள் மாலை, யாரும் கேட்காமலேயே, பையிலிருந்து விரல்கடை நீளத்தில் ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"அண்ணன் சொன்னாரு. லினக்ஸ்னு இலவசமா ஒரு சிஸ்டம் இருக்கு, பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். போட்டுத் தரட்டுமா அண்ணி?"

"அதெல்லாம் உங்கள மாதிரி படிச்சவங்களுக்குத்தானே?"

"எங்க ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற மெஷின்லகூட அதுதான் ஓடுது. உங்க கோப்பெல்லாம் முதல்ல தனி டிஸ்க்ல எடுத்து வெச்சிடறேன். பிடிக்கலைன்னா பழசையே திரும்பப் போட்டுத் தரேன்."

ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் கணினி எழுந்து நின்றது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு வருவாள். தமிழ் விசைப்பலகையும் பழக்கப்பட்ட வரிசையிலேயே அமைந்தது. கடைசியாக நாத்தனார் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டினாள்.

"இது டெர்மினல். இங்க கட்டளை அடிச்சா அது செய்யும். இது இல்லாமலும் காலம் தள்ளலாம். ஆனா நூறு கோப்பை வெச்சுக்கிட்டு மல்லாடறவங்களுக்கு இதுதான் கை குடுக்கும்."

கணவர் எட்டிப் பார்த்தார். "சினிமால பேங்க்ல கொள்ளையடிக்கிறவன் திறப்பானே, அந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் ஊருக்குத் திரும்பிய மறுநாள், புள்ளியம்மா தனியாக அந்த ஜன்னலைத் திறந்தாள். ஏதோ ஒரு திருத்தத்தை நிறுவ, அது கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். திரையில் எதுவும் விழவில்லை. நட்சத்திரக் குறிகூட இல்லை. விசைப்பலகை செத்துவிட்டதோ என்று கணினியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "அது அப்படித்தான் அண்ணி. எத்தனை எழுத்துன்னுகூட யாருக்கும் காட்டாது. நம்பி அடிங்க."

நம்பி அடித்தாள். வேலை நடந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு, மெய்ப்பு வேலையைத் தொடங்கும் முன் அரை மணி நேரம் பாடம். ஒரு நோட்டில் தன் பாஷையில் எழுதிக்கொண்டாள். 'எல்எஸ் என்றால் இங்கே என்னென்ன இருக்கு. சிடி என்றால் உள்ளே போ. பிடபிள்யூடி என்றால் நான் இப்போ எங்கே நிக்கிறேன்.' மூன்றாவதைத்தான் அதிகம் பயன்படுத்தினாள். மேன் என்று அடித்துப் பின்னால் ஒரு கட்டளையின் பெயரைப் போட்டால் அதன் விளக்கம் முழுவதும் வரும் என்று தெரிந்து, போட்டாள், வந்தது. அதிலிருந்து வெளியே வரத்தான் தெரியவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் மேலும் கீழும் நகர்ந்ததே தவிர விடவில்லை.

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன்" என்றாள் கணவரிடம்.

"லிப்டுல மாட்டினவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். கண்ட பட்டனையும் அழுத்தாதீங்க. ஆள் வரும்."

ஆள் வரவில்லை, செய்தி வந்தது. 'கியூ அடிங்க அண்ணி.' அவ்வளவுதான்.

அவளுக்கு அந்தக் கறுப்பு ஜன்னல் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஓர் இடைவெளி கூடினால் அது ஏற்கவில்லை. ஓர் எழுத்து மாறினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது. 'ஒரு கமாவுக்குப் போய் இவ்வளவு ரகளையா' என்று இருபத்தாறு வருடமாக எழுத்தாளர்களிடம் பேச்சு கேட்டவள் அவள். கமாவை மதிக்கிற ஒன்றை இப்போதுதான் பார்க்கிறாள். இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. வேலையைச் சரியாக முடித்தால் வாயே திறக்காது. தப்பு இருந்தால் மட்டும் பேசும்.

"உங்க தங்கச்சி மாதிரி" என்றாள் கணவரிடம்.

"உன்ன மாதிரியும்தான்" என்றார் அவர்.

அப்போது அவள் கையில் இருந்தது ஒரு பெரிய வேலை. குடிநீர் நிலைய ஊழியர்களுக்கான கையேடு, நாற்பத்தோரு அத்தியாயம். எழுதியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். விஷயத்தில் புலி, எழுத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறவர். எல்லா அத்தியாயங்களையும் அவள் இரண்டு முறை பார்த்து, முடிந்தது என்று ஒப்பமிட்டுப் பக்க வடிவமைப்புக்கே அனுப்பிவிட்டாள். அச்சுக்குப் போகும் முன் பொறியாளரிடம் கேட்க வேண்டிய ஐயங்களை 'ஐயம்' என்ற ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு ஐயங்கள், ஒரு மாத உழைப்பு.

நாத்தனார் அத்தியாயங்களையெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றும் வழியையும், கிரெப் என்ற கட்டளையையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். கிரெப்புக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால் நாற்பத்தோரு அத்தியாயத்தையும் சலித்து, அந்தச் சொல் வருகிற வரிகளை மட்டும் எடுத்துப் போடும். ஒரே குறை, அந்த ஜன்னலில் தமிழ் கொஞ்சம் கோணலாக விழுந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளிகள் அடுத்த வீட்டில். புள்ளியம்மாவுக்குப் பார்க்கவே கண் கூசியது. "அம்புக்குறி போட்டு ஒரு கோப்புக்குள்ள தள்ளிடுங்க அண்ணி, அப்புறம் எடிட்டர்ல திறந்தா ஒழுங்கா தெரியும்" என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

தள்ளினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாகக் கிடைத்த ஏழு வரிகளையும் ஏற்கெனவே இருக்கிற பட்டியலின் அடியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்து, அம்புக்குறிக்குப் பின்னால் 'ஐயம்' என்று அடித்தாள். கணினி வாயே திறக்கவில்லை. கோப்பைத் திறந்தாள். ஏழு வரிகள் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு ஐயங்கள் இல்லை.

ஜன்னலை மூடித் திறந்தாள், கணினியை அணைத்துப் போட்டாள். ஏழு வரிகள் ஏழு வரிகளாகவே இருந்தன. செய்தி அனுப்பப் பொறுமை இல்லை, நேரே அழைத்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, நாத்தனாரின் சிரிப்புக்காகக் காதைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

"அது போனது போனதுதான் அண்ணி. ஒரு அம்புக்குறி போட்டா பழசைத் துடைச்சிட்டு எழுதும். ரெண்டு போட்டாத்தான் பழசுக்கு அடியில சேர்க்கும். முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்கணும். என் தப்பு."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்துகிறாள் போல.

"நான் இங்க சேர்ந்த மூணாவது மாசம் என்ன பண்ணேன் தெரியுமா? கண் பிரிவோட அப்பாயின்ட்மென்ட் பட்டியலை இதே மாதிரி துடைச்சிட்டேன். முந்நூறு பேர். ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொருத்தரா போன் போட்டு, 'ஐயா, நீங்க எப்போ வர்றதா இருந்தீங்க'ன்னு கேட்டேன்."

"அய்யோ."

"ஒரு தாத்தா, 'நான் வர்றதாவே இல்லையேம்மா, நீ இவ்வளவு தூரம் கூப்பிடறதால வரேன்'னு சொல்லிட்டு வந்தே நின்னுட்டாரு. பார்த்தா நிஜமாவே கண்ணுல புரை."

புள்ளியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "நீ சும்மா இரு, நானே ஒரு மாச வேலை போச்சேன்னு உக்காந்திருக்கேன்" என்றாள். சொன்ன பிறகுதான் 'நீ' என்று சொன்னது காதில் விழுந்தது. திருத்திக்கொள்ளவில்லை. நாத்தனாரும் எதுவும் சொல்லாமல், தனி டிஸ்க்கில் எடுத்து வைத்த பிரதியில் பழைய 'ஐயம்' இருக்கும், பாருங்கள் என்றாள்.

இருந்தது. கணினி மாறிய நாளன்று இருந்த முப்பத்தெட்டு ஐயங்கள். மீதி எழுபத்து நான்கையும் ஞாபகத்திலிருந்துதான் மீட்க வேண்டும்.

மறுநாள் காலை உட்கார்ந்தாள். ஞாபகம் வந்த சொல்லையெல்லாம் கிரெப்பிடம் கொடுத்துத் தேடவிட்டாள். இந்த முறை இரண்டு அம்புக்குறி. பொறியாளர் சில இடத்தில் 'லிட்டர்' என்றும் சில இடத்தில் 'லீட்டர்' என்றும் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. இரண்டும் வரட்டும் என்று 'ஆயிரம் ல' என்று மட்டும் கொடுத்தாள். மொத்தம் பத்தொன்பது வரிகள். எடிட்டரில் திறந்து, எதை எதாக மாற்றலாம் என்று பார்க்கப் போனாள்.

குறிலும் நெடிலும் அல்ல, எண்கள்தான் கண்ணில் பட்டன. குடிநீரில் கலக்க வேண்டிய பிளீச்சிங் பவுடரின் அளவு, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். ஆயிரம் லீட்டருக்கு 4 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். பிறகு ஓர் இடத்தில் 150. பிறகு மறுபடி 4. பிறகு 40.

அத்தியாயங்களைத் திறந்து பார்த்தாள். 150 சரிதான், அது தொட்டியைக் கழுவுவதற்கு, அந்தத் தண்ணீரைக் கீழே விட்டுவிடச் சொல்லியிருந்தார். 40 இருந்தது இருபத்தேழாம் அத்தியாயத்தில். சிறிய தொட்டிகள், நேரடியாகக் குடிக்கும் தண்ணீர். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ஒற்று விடுபடவில்லை, கமா இடம் மாறவில்லை. அதனால்தான் இரண்டு முறையும் அவள் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அத்தியாயத்தின் கடைசியில் அவளுடைய ஒப்பமும் தேதியும் இருந்தன.

கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பால்கனியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தார். ஒரு சைபரை அழிப்பது ஒரு விசை. வடிவமைப்பாளரிடம் 'ஒரு சின்னத் திருத்தம்' என்று அனுப்பினால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த எண் அவளுடையதல்ல. நான்குதான் சரி என்று சொல்ல அவள் யார்? சிறிய தொட்டிக்கு வேறு கணக்கு இருக்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேட்டால் எப்படித் தெரிந்தது, ஏன் இப்போது தெரிந்தது என்று எல்லாம் வரும்.

பதிப்பாசிரியரை அழைத்தாள்.

"சார், இருபத்தேழுல ஒரு எண்ணு சந்தேகமா இருக்கு. நான் ரெண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டது. என் கண்ணுல படலை."

"திங்கக்கிழமை அச்சுக்குப் போகுதும்மா."

"தெரியும். அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"அவருகிட்ட நீங்களே பேசிடுங்க. கொஞ்சம் கோவக்காரர். மனசுல வெச்சுக்காதீங்க."

பொறியாளர் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினார். "நாப்பதா? நாப்பதுன்னு நான் எழுதவே மாட்டேன். வாய்ல வைக்க முடியாதும்மா அந்தத் தண்ணிய, தொண்டை எரியும். முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் நான்."

"சரிங்க ஐயா. உங்க கையெழுத்துப் பிரதியில என்ன இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?"

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். காகிதம் புரளும் சத்தம், ஓர் இருமல், மறுபடி காகிதம். வரும்போது குரல் இறங்கியிருந்தது.

"நாலு புள்ளி சைபர்னு எழுதியிருக்கேன். புள்ளி ரொம்ப மங்கலா விழுந்திருக்கு. தட்டச்சு பண்ணவங்க விட்டுட்டாங்க. அப்புறம் நான் படிச்சேன், என் பழைய உதவிப் பொறியாளர் படிச்சாரு, நீங்க படிச்சீங்க. இத்தனை பேர் கண்ணும் பட்டிருக்கு."

"ஆமாங்க. நானும் விட்டுட்டேன்."

"வேற எங்கேயாவது இப்படி இருக்குமா?"

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பதிப்பாசிரியரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். நாத்தனார் சாப்பாட்டு இடைவேளையில் அழைத்து, எண்ணும் அதற்குப் பின்னால் ஓர் அலகும் வருகிற வரிகளை மட்டும் பிடிப்பதற்கான வழியைச் சொன்னாள். சதுர அடைப்புக்குறி, சைபர், கோடு, ஒன்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவள் நோட்டில் எழுதினாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை புத்தகமே வந்தது. மூன்றாம் தடவை அறுநூற்றுப் பதினோரு வரிகள் வந்தன.

வெள்ளியும் சனியும் பொறியாளரும் அவளும் தொலைபேசியில் உட்கார்ந்தார்கள். அவள் வரியைப் படிப்பாள், அவர் "சரி" என்பார். நூறு வரிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். மீட்டெடுத்த ஐயங்களையும் இடையிடையே கேட்டுத் தீர்த்துக்கொண்டாள். இன்னும் இரண்டு தப்புகள் கிடைத்தன. ஒரு குழாயின் விட்டம் மில்லிமீட்டருக்குப் பதில் சென்டிமீட்டரில் இருந்தது. "இந்தக் குழாய்க்குள்ள ஆளே நடந்து போகலாம்" என்று பொறியாளர் முதல் முறையாகச் சிரித்தார். இன்னொன்று, வடிகட்டியைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கழுவச் சொன்ன இடத்தில் நூற்றைம்பது நாள்.

"பரவால்ல, புள்ளியம்மாவே ஒரு புள்ளியை விட்டுட்டா" என்று அன்று சாப்பிடும்போது கணவர் சீண்டினார்.

"விட்டேன்தான்" என்றாள். பல வருடத்தில் முதல் முறையாக அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

திங்கட்கிழமை போக வேண்டிய புத்தகம் புதன்கிழமை அச்சுக்குப் போனது. பதிப்பாசிரியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை; அடுத்த புத்தகத்தை அனுப்பும்போது, "அந்தச் சல்லடை வேலையையும் சேர்த்துப் பண்ணிடுங்கம்மா, அதுக்குத் தனியா நாள் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவள் இப்போது முதலில் சலிக்கிறாள், பிறகு கண்ணால் படிக்கிறாள். ஒன்றை நம்பி இன்னொன்றை விடுவதில்லை.

மழைக்காலத்தில் நாத்தனார் ஒரு வார விடுமுறைக்கு வந்தாள். வந்த அன்றே பால்கனி அறைக்குள் நுழைந்து, திரையைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். டெர்மினலின் பின்னணி வெளிர்மஞ்சளாக இருந்தது. எழுத்து கரும்பழுப்பு.

"என்ன அண்ணி இது? டெர்மினல்னா கறுப்பாத்தானே இருக்கணும்!"

"எனக்குத் தாள் நிறம்தான் வேணும். மேன்ல போட்டுத் தேடிப் பார்த்தேன், கிடைக்கலை. அப்புறம் பார்த்தா செட்டிங்ஸ்லயே இருந்துச்சு."

"கண்ணராவியா இருக்கு."

"நீ என் கண்ணை வெச்சுப் பார்க்கணும்."

அந்த வாரம் முழுக்க இருவரும் அதைப் பற்றியே வாதாடினார்கள். அண்ணன் யார் பக்கமும் சேராமல் லிப்ட் பழுது பார்க்கக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய நாத்தனாரிடமிருந்து மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. "உங்க மஞ்சளை ஆபீஸ்ல ஒரு நாள் வெச்சுப் பார்த்தேன் அண்ணி. சரிப்படலை. மாத்திட்டேன்."

புள்ளியம்மா சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, போ" என்று பதில் அடித்துவிட்டு, புதிதாக வந்திருந்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்தாள்.